இல்லத்தை விட்டு வந்தவர்களோடு: பாளையங்கோட்டை நாட்குறிப்பு

ஜூன் 9, 2024, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி கூடியது. குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, 18 வயது நிரம்பியதும் அங்கிருந்து வெளியேறும் பிள்ளைகளுக்குச் சபை என்ன செய்யலாம் என்பதே இன்றைய பேச்சு. கிறிஸ்துமஸுக்குப் புத்தாடையும் கேக்கும் கொண்டுபோய்க் கொடுப்பதில் நம் சபைகள் குறை வைத்ததில்லை. ஆனால் இல்லத்தை விட்டு வந்த பிள்ளைக்கு அடுத்த வாரம் காய்ச்சல் வந்தால் யாரை அழைக்கும் என்று குருவானவர் கேட்டபோது, எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, தன் 46ஆம் பிரிவில், இப்படி வெளியேறுகிறவர்களுக்குப் பண உதவி கிடைக்க வழி செய்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் 21 வயது வரையிலும், விதிவிலக்கான சூழ்நிலையில் 23 வயது வரையிலும் பிற்காப்பு, அதாவது இல்லத்தை விட்டு வந்த பிறகான ஆதரவு, தரலாம் என்கின்றன. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் என்று வரையறுத்திருக்கிறார்கள். இத்தனையும் இருந்தும், அதற்கான விண்ணப்பத்தை எழுதி, சான்றிதழ்களைச் சேர்த்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தனியாகப் போய்வர ஒரு 18 வயதுப் பிள்ளைக்குத் துணிவு எங்கிருந்து வரும்? பணத்தை அரசு தரலாம். சபை தர வேண்டியது ஆளை. பிள்ளைக்குத் துணை நிற்க மூன்று ஆண்டுக்குக் குறைவாக யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. அந்த நிபந்தனையைக் கேட்டதும் கைதூக்கியவர்களின் எண்ணிக்கை குறைந்தது, அது நல்லதுதான்.

ஜூலை 21, 2024, ஞாயிறு

ஒழுங்குகளை எழுதி முடித்தோம். ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர் பொறுப்பு, பெண்பிள்ளைகளுக்குப் பெண்கள். சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்கக் கூடாது. தேவை எதுவானாலும் கமிட்டி வழியாகவே போக வேண்டும். அவர்களுடைய புகைப்படத்தையோ கடந்த கால வாழ்க்கையையோ சபை மலரிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போடக் கூடாது. மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைக்கவும் கூடாது.

நீண்ட விவாதம் நடந்தது ஓர் ஒழுங்கைப் பற்றி மட்டுமே: ஆலயத்துக்கு வருவதையும் ஞானஸ்நானத்தையும் உதவிக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது என்பது. மூத்த அண்ணாச்சி ஒருவர், “அப்படியானால் இது கிறிஸ்தவ ஊழியம் என்று எப்படிச் சொல்வது?” என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் தங்கும் இடத்துக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் நம்மையே நம்பியிருக்கும் ஒருவரிடம் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால், அவர் ‘ஆம்’ என்று சொல்வதில் எவ்வளவு மனமும் எவ்வளவு பயமும் கலந்திருக்கிறது என்பதை நாம் அறிய முடியாது. நாம் விசுவாசிகள் என்பதை மறைக்கப் போவதில்லை. அவர்களுக்காக அன்றாடம் ஜெபிக்கலாம், கேட்டால் வேதத்தைச் சேர்ந்து வாசிக்கலாம், அவர்கள் வேண்டாம் என்றாலும் அடுத்த வாரம் அதே அன்போடு போய் நிற்கலாம். பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கிய ஆண்டவர், நன்றி சொல்லத் திரும்பி வராத ஒன்பது பேரின் சுகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 14, 2024, சனி

எனக்கும் பக்கத்துத் தெரு அக்காவுக்கும் ஒரு மாணவியைப் பொறுப்பாகத் தந்திருக்கிறார்கள். நர்சிங் டிப்ளமோவில் சேர்ந்திருக்கிறாள். அவளுடைய சம்மதத்தோடு, பெயரையும் கல்லூரியையும் விட்டுவிட்டு எழுதுகிறேன். ஆதாரில் இன்னும் இல்லத்தின் முகவரியே இருக்கிறது. வங்கிப் புத்தகத்திலும் அதுவே. விடுதிப் படிவத்தில் ‘உள்ளூர்ப் பாதுகாவலர்’ என்ற இடம் காலியாக இருந்ததால், சேர்ந்த நாளிலிருந்தே அலுவலகத்தில் அவளை நிற்க வைத்திருக்கிறார்கள். இன்று போய்க் கையெழுத்திட்டோம்.

டிசம்பர் 22, 2024, ஞாயிறு

விடுதியை விடுமுறைக்குப் பூட்டிவிட்டார்கள். மற்ற மாணவிகள் ஊருக்குப் போகும் நாள், ஊர் என்று ஒன்று இல்லாதவளுக்கு ஆண்டிலேயே கடினமான நாள். இதைப் பள்ளியில் இத்தனை ஆண்டு பாடம் நடத்திய நானே யோசித்துப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும், “டீச்சர், நான் எத்தனை நாள் இருக்கலாம்?” என்று கேட்டாள். “விடுதி திறக்கிற வரைக்கும் இரும்மா. அடுத்த லீவுக்கும் இங்கேதான் வரணும்” என்றேன். அதன் பிறகே பையிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

இந்த மாவட்டத்துக்கு இது புதிதன்று. டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951இல் மறையும் வரை ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடத்திய குடும்பத்தில், பிள்ளைகளை அக்காள்களின் பொறுப்பில் விட்டு வளர்த்தார்கள். அந்த அக்காள்களில் பலர் அங்கேயே பிள்ளைகளாக வளர்ந்தவர்கள். வளர்ந்த பிறகும் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது.

மார்ச் 2, 2025, ஞாயிறு

தேர்வில் இரண்டு பாடங்களில் தவறிவிட்டாள். அதன் பிறகு எங்கள் அழைப்புகளை எடுக்கவில்லை. அக்கா விடுதிக்கே போய், கண்டிக்காமல், சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். கமிட்டியில் ஒருவர், தகுதியுள்ள வேறொருவருக்கு அந்த உதவியை மாற்றலாமே என்றார். நான் கடுமையாக மறுத்தேன். உதவி பெறுவதற்குத் தேர்ச்சியைத் தகுதியாக வைப்பதானால் நம்முடையது உபகாரச் சம்பளத் திட்டம், அதற்கு மூன்று ஆண்டு வாக்கு எதற்கு?

வேதத்தில் வரும் பர்னபாவை நினைத்துக்கொண்டேன். சீஷர்கள் பயந்து ஒதுக்கிய சவுலை, அதாவது பின்னாளின் பவுலை, அப்போஸ்தலரிடம் அழைத்துப்போனவர் அவர். பின்னர் தர்சுவுக்குப் போய் அவரைத் தேடி அந்தியோகியாவுக்குக் கூட்டிவந்து, ஓராண்டு முழுவதும் கூடவே ஊழியம் செய்தார். பாதி வழியில் விட்டுப்போன மாற்குவுக்காக அதே பவுலோடு பிரிவினை உண்டான பிறகும், மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். ஊழியத்தில் மாற்கு பிரயோஜனமுள்ளவன் என்று பவுல் கடைசிக் காலத்தில் எழுதியதற்கு, இடையில் கைவிடாத ஒருவர் இருந்ததும் காரணம் என்று நம்புகிறேன்.

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு

அக்கா மகனோடு சென்னைக்குக் குடிபெயர்கிறார். இருவரைப் பொறுப்பாக்கியதன் பயன் இப்போது தெரிகிறது: நான் இருப்பதால் தொடர்பு அறுபடவில்லை. புதிதாக வருபவரை அக்கா போவதற்கு முன்பே அழைத்து, மாணவியின் விருப்பத்தையும் கேட்டுத்தான் சேர்த்தோம். துணை நிற்பவர்களும் சோர்ந்துபோகிறார்கள். அவர்கள் மாதம் ஒருமுறை குருவானவரோடு உட்கார்ந்து பேசவும், பேருந்துக் கட்டணத்தைச் சேகரக் கணக்கிலிருந்து பெறவும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மே மாதக் கமிட்டியில் இது வருகிறது. ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாகவே சேர்க்கக் கேட்கப்போகிறேன். தவறிய பாடங்களை மறுபடி எழுதக் கட்டணம் கட்டியாயிற்று.