தைராய்டு கேன்சர்: எல்லாரும் என்னிடம் கேட்டதும், என்னிடம் யாரும் கேட்காமல் விட்டதும்

என் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் தெருவில் துணி தைக்கிற அக்கா. நாத்தனார் கல்யாணத்துக்கு ஜாக்கெட் அளவு கொடுக்கப் போயிருந்தேன். டேப்பைக் கழுத்தில் சுற்றியவர் கையை அப்படியே நிறுத்திவிட்டு, "பிள்ளே, எச்சில ஒண்ணு முழுங்கு பாப்போம்" என்றார். முழுங்கினேன். "இது என்னது, கூடவே ஏறி எறங்குது?" வலி இல்லை, சாப்பாடு இறங்குவதில் தடை இல்லை, தினமும் கண்ணாடியில் பார்க்கிற கழுத்துதான், ஆனால் எனக்குத் தெரியவே இல்லை.

அப்போது எனக்கு வயது 36. வீடு கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிப் பக்கம், குளச்சலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை, பிள்ளைகள் இரண்டு பேர், சின்னவனுக்கு நாலு வயது. இப்போது புதிதாக ரிப்போர்ட் வாங்கியவர்கள் யார் மூலமாவது என் நம்பரை வாங்கிக் கூப்பிடுகிறார்கள், கேட்பதெல்லாம் நான் அன்றைக்கு ராத்திரி தூங்காமல் யோசித்த அதே கேள்விகள். ஒவ்வொருவரிடமும் ஒரு மணிநேரம் பேசி முடிப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதல் கேள்வி: "தைராய்டு டெஸ்ட் நார்மல்னா பயம் இல்லைல்லா?" நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்தேன், தைராய்டைத் தூண்டுகிற ஹார்மோனான டி.எஸ்.ஹெச். 2.1 என்று வந்தது, அச்சடித்த தாளிலேயே நார்மல் என்று போட்டிருந்தது, அந்தத் தாளை மடித்து பீரோவில் வைத்துவிட்டு கல்யாண வேலையில் இறங்கிவிட்டேன். நாலு மாதம் போய்விட்டது. அந்த டெஸ்ட் சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்றுதான் சொல்லும், அதில் கட்டி இருக்கிறதா, அது என்ன கட்டி என்று சொல்லாது. தைராய்டு கேன்சர் உள்ள பெரும்பாலானவர்களுக்கு இந்த அளவு நார்மலாகவே இருக்குமாம். கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் கழுத்து அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு எடுத்தபோது 2 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கட்டி, உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள், டிராட்ஸ் 5 என்று எழுதியிருந்தார்கள். 1 முதல் 5 வரை போகிற அளவுகோல் அது, 5 என்றால் சந்தேகம் அதிகம்.

அடுத்து ஊசி. கட்டியில் ஊசி குத்திச் செல் எடுத்துப் பார்க்கிற டெஸ்ட், எஃப்.என்.ஏ.சி. என்பார்கள். "ஊசி போட்டுக் குத்தினா கேன்சர் கலைஞ்சு பரவிரும், வேண்டாம் மக்களே" என்று மாமி அழுதே விட்டார். டாக்டரிடம் மாமியையே கூட்டிக்கொண்டு போய்க் கேட்கவைத்தேன். ரத்தம் எடுக்கிற ஊசியைவிட மெல்லிய ஊசி, அதனால் பரவும் என்று பயந்து டெஸ்ட்டை விடுவதுதான் ஆபத்து என்று அவர் பொறுமையாகச் சொன்னார். வலி என்று பார்த்தால் அப்படி ஒன்றுமில்லை, முழுங்காமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அதுதான் கஷ்டம், முழுங்கக் கூடாது என்றால்தான் முழுங்கத் தோன்றும். முதல் தடவை எடுத்ததில் செல் போதவில்லை, பெதஸ்டா 1 என்று வந்தது. ஊசி ரிப்போர்ட்டுக்கு 1 முதல் 6 வரை போகிற வரிசை அது. பலர் இதை "கேன்சர் இல்லை" என்று படித்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, பார்ப்பதற்குச் சரக்கு போதவில்லை என்றுதான் அர்த்தம், திரும்ப எடுக்க வேண்டும். இரண்டாம் தடவை பெதஸ்டா 6, அதாவது கேன்சர்தான், பாப்பில்லரி கார்சினோமா என்ற வகை.

அன்றைக்கே ஒரு சொந்தக்காரர் ஆறுதல் சொல்ல வந்து, "இது நல்ல கேன்சராக்கும், வெசனப்படாதே" என்றார். டாக்டர்களும் இதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். சொல்வதில் உண்மை இருக்கிறது, தைராய்டு கேன்சரில் அதிகம் வருவது இந்தப் பாப்பில்லரி வகைதான், மெதுவாக வளரும், பெரும்பாலானவர்கள் குணமாகி நெடுநாள் இருக்கிறார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பைலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளிடம் போய் நல்ல கேன்சர் என்று சொல்லாதீர்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

"கீமோ உண்டா, முடி கொட்டுமா?" பாப்பில்லரிக்குச் சாதாரணமாகக் கீமோ கிடையாது. ஆபரேஷன், அப்புறம் தேவைப்பட்டால் மிச்சமிருக்கிற தைராய்டு செல்களை அழிக்கிற கதிரியக்க அயோடின், அப்புறம் ஆயுசுக்கும் தைராய்டு மாத்திரை. முடி எனக்குக் கொட்டியது, அது தைராய்டு ஹார்மோன் குறைந்த நாட்களில், பிறகு முளைத்தும் விட்டது.

"பிள்ளைகளுக்கு வருமா?" பாப்பில்லரி பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. மெடுல்லரி என்று இன்னொரு வகை இருக்கிறது, அதில் நாலில் ஒரு பங்கு பரம்பரை, அந்த வகை என்றால் குடும்பத்துக்கே மரபணு டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். அதனால் ரிப்போர்ட்டில் கேன்சர் என்ற வார்த்தையைப் பார்த்து நிறுத்தாமல் எந்த வகை என்று பாருங்கள்.

எங்கள் ஊரில் மட்டும் கேட்கப்படுகிற கேள்வி ஒன்று உண்டு. "கருமணல்தானே காரணம்?" மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகம், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாருக்கு என்ன கேன்சர் வந்தாலும் கடற்கரையில் எல்லாரும் மணலைத்தான் கை காட்டுவோம். டாக்டரிடம் கேட்டேன். கழுத்தில் கதிர்வீச்சு பட்டால் தைராய்டு கேன்சர் வரலாம் என்பது உண்மை, முக்கியமாகச் சின்ன வயதில் பட்டால். 1986-இல் செர்னோபில் விபத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வந்தது அப்படித்தான், ஆனால் அது பாலில் கலந்த கதிரியக்க அயோடின் நேராகச் சுரப்பிக்குள் போனதால் வந்தது. மணலில் இருந்து வருவது வேறு மாதிரி. நம்மைப் போலவே மோனசைட் மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் கிட்டத்தட்ட 70,000 பேரைச் சராசரி பத்து வருஷத்துக்கும் மேல் கவனித்துப் பார்த்து, அந்த மணல் கதிர்வீச்சால் கேன்சர் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-இல் எழுதியிருக்கிறார்கள். "உனக்கு ஏன் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்று டாக்டர் முடித்துவிட்டார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இல்லை, ஆனால் நேர்மையாக இருந்தது. மணலுக்குப் பயந்த அதே சனம் பிற்பாடு என்னைக் காரில் ஏற்றிப் போய்க் கதிரியக்க மாத்திரை விழுங்கவைத்தது தனிக் கதை.

ஆபரேஷன் நாகர்கோவிலில். பக்கத்து நெறிகட்டியிலும் சந்தேகம் இருந்ததால் சுரப்பி முழுவதையும் எடுத்தார்கள். "சத்தம் போயிருமா?" என்று கேட்பவர்களுக்கு: குரல்வளைக்குப் போகிற நரம்பு சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது, அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டுக் குரல் நாண் அசைவைப் பார்த்தார்கள். எனக்குக் குரல் போகவில்லை, ஆனால் மூன்று மாதம் சத்தமாகக் கூப்பிட முடியவில்லை. தெருவில் விளையாடுகிற பிள்ளைகளைக் கூப்பிட ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் வைத்திருந்தேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் ராத்திரி உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது, அப்புறம் விரல் நுனி, அப்புறம் கை இழுத்துப் பிடித்தது. விசிறிக்கு நேரே படுத்ததால் மரத்துவிட்டது என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். காலையில் நர்ஸ் அக்கா கேட்டு, நல்ல திட்டு வாங்கினேன். சுரப்பிக்குப் பின்னால் கால்சியத்தைக் கவனிக்கிற பாராதைராய்டு சுரப்பிகள் நாலு இருக்கின்றன, அரிசி மணி மாதிரி, ஆபரேஷனில் அவை கொஞ்ச நாள் சோர்ந்து போகும், கால்சியம் இறங்கிவிடும். உதடு மரத்தால் அந்த நிமிஷமே சொல்லுங்கள், ராத்திரி மணி இரண்டு என்றாலும் சொல்லுங்கள். எனக்கு இரண்டு மாதம் கால்சியம் மாத்திரை ஓடியது.

பயாப்சி ரிப்போர்ட் வந்தபோது எட்டு நெறிகட்டியில் மூன்றில் கேன்சர் என்று இருந்தது. வீட்டில் போனில் தேடிப் பார்த்து, பரவிவிட்டது, மூன்றாவது ஸ்டேஜ் என்று நானே முடிவு செய்து, பெரியவளிடம் நகை எங்கே இருக்கிறது என்று சொல்கிற அளவுக்குப் போய்விட்டேன். அவளுக்கு ஒன்பது வயது. இந்த வகைக்கு ஸ்டேஜ் கணக்கு வேறு: 55 வயதுக்குக் கீழே என்றால், கழுத்து நெறிகட்டிக்குப் போயிருந்தாலும், நுரையீரல் எலும்பு என்று தூரத்துக்குப் போகாத வரைக்கும் முதல் ஸ்டேஜ்தான்.

இனி அந்தக் கேட்காமல் விட்ட கேள்வி.

அயோடின் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போவது என்று முடிவு. எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கேன்சர் என்றாலே ரயில் ஏறி வடக்கே போவதுதானே பழக்கம். அயோடின் கொடுப்பதற்கு முன்னால் டி.எஸ்.ஹெச். 30-க்கு மேல் ஏற வேண்டும், அதற்காக ஆபரேஷனுக்குப் பிறகு தைராய்டு மாத்திரை ஆரம்பிக்காமலே வைத்திருந்தார்கள். இப்படி மாத்திரை இல்லாத நாட்கள் ஆபரேஷனைவிட மோசம். முகம் வீங்கி, மலச்சிக்கல், சித்திரை வெயிலில் குளிர், ஒரு வாளித் தண்ணீர் தூக்க மூச்சு வாங்கும், பேச ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க மறந்துபோகும். இதற்கிடையில் ஒரு நாள் வயிற்றுவலி வந்து ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், அங்கே மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், சின்னக் கல், சரியாகிவிட்டது. கழுத்தில் தையல் தழும்பு பளிச்சென்று தெரிகிறது, அயோடின் சிகிச்சைக்குக் காத்திருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அந்த ஸ்கேன் மருந்தே அயோடின்தான். திருவனந்தபுரத்தில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சமீபத்தில் கான்ட்ராஸ்ட் வைத்து சி.டி. எடுத்தீர்களா?" எடுத்தேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உடம்பு முழுக்க அந்த அயோடின் நிரம்பிக் கிடக்கும்போது கதிரியக்க அயோடினைக் கொடுத்தால் மிச்சமிருக்கிற தைராய்டு செல்கள் அதை எடுத்துக்கொள்ளாது, இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்றார். மாத்திரை ஆரம்பித்து, தெம்பு வந்து, மறுபடி நாலு வாரம் நிறுத்தி, மறுபடி அதே வீக்கம், அதே குளிர். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த இரண்டாம் சுற்று எனக்கு இருந்திருக்காது. தைராய்டு ஆபரேஷன் முடிந்து அயோடினுக்குக் காத்திருக்கிற யாராவது இதைப் படித்தால், எந்த ஸ்கேனுக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

அயோடின் குறைந்த சாப்பாடு இரண்டு வாரம். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது சாதாரணம், எங்களுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்குமா? சாளை, நெத்திலி, கருவாடு, பால், தயிர், முட்டை மஞ்சள்கரு, பேக்கரி, ஹோட்டல் எதுவும் கூடாது, பாக்கெட் உப்பு கூடவே கூடாது. மாமா பக்கத்திலிருக்கிற புத்தளம் உப்பளத்திலிருந்து கல் உப்பு கொண்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார், கடல் உப்பே வேண்டாம், அயோடின் சேர்க்காத சுத்த உப்பு எங்கே கிடைக்கும் என்று நாங்கள் சொல்கிறோம் என்று டயட்டீஷியன் தடுத்தார். சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, மரச்சீனிக் கிழங்கு, ஏத்தங்காய், கட்டன் சாயா என்று ஓட்டினேன். மாமி எனக்காக வீட்டில் மீன் குழம்பே வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் வைத்தார்கள், அதற்கு என்ன செய்ய முடியும்.

கர்ப்பம் இல்லை என்று டெஸ்ட் எடுத்த பிறகுதான் மாத்திரை. ஈய டப்பாவிலிருந்து வருகிற ஒரு சின்னக் கேப்சூல், 100 மில்லிகியூரி. மூன்று நாள் தனி அறை. நிறையத் தண்ணீர், எச்சில் சுரப்பிக்காக எலுமிச்சை மிட்டாய், கழிவறையில் இரண்டு தடவை தண்ணீர் விட வேண்டும், தினமும் ஒருவர் தூரத்தில் நின்று கதிர்வீச்சு அளக்கிற மீட்டரைக் காட்டிவிட்டுப் போவார். பயம் ஒன்றும் இல்லை, போர்தான். இந்த அயோடின் எட்டு நாளைக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும், சிறுநீரில் அதைவிட வேகமாக வெளியே போய்விடும். திரும்பி வரும்போது பஸ் வேண்டாம் என்றார்கள். வீட்டுக்காரர் கார் ஓட்ட, நான் பின்சீட்டின் மறு ஓரத்தில் உட்கார்ந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் சின்னவன்தான் பிரச்சினை. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் அம்மா வீட்டு மாடியில் இருந்தேன், அவன் முற்றத்தில் நின்று கீழேயிருந்து பேசுவான். "அம்மைக்கு கரண்டு அடிக்குமா?" என்று ஒரு நாள் கேட்டான். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அடுத்த குழந்தை பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் சிகிச்சைக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

இப்போது காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் என்கிற தைராய்டு மாத்திரை, 125 மைக்ரோகிராம், அதற்குப் பிறகு ஒரு மணிநேரம் சாயா கிடையாது, கால்சியமோ இரும்புச்சத்து மாத்திரையோ என்றால் நாலு மணிநேரம் இடைவெளி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழுத்து ஸ்கேன், தைரோகுளோபுலின் டெஸ்ட். தைராய்டு செல்கள் மட்டும் உண்டாக்குகிற புரதம் அது, ரத்தத்தில் இருந்தால் செல்கள் மிச்சம் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கடைசி இரண்டு தடவையும் அதன் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கீழே இருந்தது. போன மாதம் அந்தத் தையல்கார அக்காவிடம் மறுபடி அளவு கொடுத்தேன். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, எச்சில் முழுங்கச் சொல்லிவிட்டுத்தான் டேப்பை எடுத்தார்.