பத்துக் கிலோமீட்டரும் ஒரு சீஆர் கொப்பியும்

அக்காவின் மகனுக்கு இரண்டு வயதில் இதயத்தில் ஓட்டை என்று சொன்னார்கள். கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. அரச ஆஸ்பத்திரி, சிகிச்சைக்கு ஒரு சதம் கட்டவில்லை. ஆனால் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். இரவு ரயில், பொரளையில் தங்க ஓர் அறை, கடைச் சாப்பாடு, அத்தான் வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாம் சேர்ந்து அக்காவின் காப்பை அடைவுக்கு அனுப்பிவிட்டன. அந்த நேரம் போக்குவரத்துக்கும் தங்குமிடத்துக்கும் கைகொடுத்தது, சிறுவர்களின் மருத்துவத்துக்கு உதவுகிற ஒரு சின்ன அமைப்பு.

நாலு வருஷம் கழித்து அவர்கள் நிதி சேர்க்க 10 கிலோமீட்டர் ஓட்டம் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். யோசிக்காமல் பெயரைக் கொடுத்துவிட்டேன். எனக்கு வயது 39. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிறகு பஸ்ஸுக்குத் தவிர எதற்கும் ஓடியதில்லை.

பயிற்சி பழைய கல்லடிப் பாலத்தில். 1924இல் திறந்த இரும்புப் பாலம். பக்கத்தில் புதுப்பாலம் வந்த பிறகு இதில் சனம் ஆறுதலாக நடக்கலாம். வெள்ளண ஐந்து மணிக்குப் போனால் கீழே வாவியில் தோணிக்காரர் வலை இழுக்கும் சத்தம் கேட்கும். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று தொடங்கினேன். முதல் நாள் பாலத்தின் மறுகரைக்குப் போவதற்குள் மூச்சு முட்டியது. எதிரே வந்த ஒரு பெத்தா நின்று கேட்டா: "என்னகா, பஸ்ஸை விட்டிட்டியா?"

பத்து வாரம் அப்படிப் போனது. ஆவணி மாதக் கச்சான் காற்று ஏழு மணிக்கே முகத்தில் அடுப்பு மாதிரி அடிக்கும். அதற்கு முன் வீடு திரும்பிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கூடிய தூரம் ஓடி, வந்ததும் ஒரு பக்கற் ஜீவனியை, அந்த உப்புச் சர்க்கரைத் தூளை, தண்ணீரில் கரைத்துக் குடிப்பேன். சப்பாத்தை ஒரு சைஸ் பெரிதாக வாங்கச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. இடது பெருவிரல் நகம் கறுத்து விழுந்த பிறகு வாங்கினேன்.

உடம்பு பழகிவிட்டது. ஓடுகிற ஆள் தெரிந்தவர்களிடம் காசு சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதைக் கேட்க வாய்தான் வரவில்லை. ஒரு சீஆர் கொப்பியில், அதுதான் தடித்த மட்டைக் கொப்பியில், கோடு போட்டு, பெயர், தொகை, கிலோமீட்டருக்கா மொத்தமாகவா என்று எழுதிக்கொண்டேன். தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு பத்தி போடாமல் விட்டது பெரிய பிழை. முதல் மூன்று வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு விஷயத்தைச் சொல்லாமலே வந்தேன். நாலாவது, மீன் விற்கிற மாமி. நான் இழுத்து இழுத்துச் சொல்ல, ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு மடியிலிருந்து 1,000 ரூபாவை எடுத்தா. "ஓடி முடிச்சாப் பிறகு தந்தாக் காணும் மாமி" என்றேன். "நீ ஓடாட்டியும் அந்தப் புள்ளைக்கு வருத்தம் தானே, மனே?"

அதற்குப் பிறகு எனக்கு வெட்கம் போய்விட்டது. ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பாவையும் விடவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி காசு யார் கணக்குக்குப் போகிறது என்பதுதான். நியாயமான கேள்வி. அமைப்பின் வங்கிக் கணக்குக்கு நேரே போகும், பற்றுச்சீட்டு வரும் என்று காட்டியதும் அனுப்பினார். எங்கள் சந்திக் கடை முதலாளி, "நீ நாவற்குடா தாண்டமாட்டாய் பிள்ளை" என்று சிரித்துக்கொண்டு, கிலோமீட்டருக்கு 100 ரூபா எழுதச் சொன்னார்.

ஓட்ட நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காந்தி பூங்காவில் தொடக்கம், பாலம் தாண்டி, கல்லடி, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய், காத்தான்குடியின் பேரீச்சை மரங்கள் கண்ணில் பட்டதும் திரும்பல். எட்டாவது கிலோமீட்டரில் அழுகை வந்தது, காரணம் தெரியவில்லை. திரும்பி வரும்போது பாலத்தடியில் அக்காவின் மகன் தண்ணீர்ப் போத்தலோடு நின்றான். நான் எட்டிப் பிடிக்குமுன் தானே குடித்துவிட்டான். ஒரு மணி 24 நிமிஷத்தில் முடித்தேன்.

பிறகுதான் உண்மையான ஓட்டம். கொப்பியில் 71,500 ரூபா இருந்தது. ஒரு மாதத்தில் கைக்கு வந்தது 58,300. சிலர் மறந்துவிட்டார்கள், சிலர் என்னைக் கண்டால் மறுபக்கம் போனார்கள். கேட்ட உடனே வாங்குங்கள், முடித்த பிறகு என்று தள்ளாதீர்கள். அடுத்த முறை நான் அப்படித்தான் செய்யப்போகிறேன்.

சந்திக் கடை முதலாளி மட்டும் தானாகவே கூப்பிட்டார். மோட்டார் சைக்கிளில் அந்தப் பாதையை அளந்து பார்த்தாராம். "9.8தான் காட்டுது" என்று 980 ரூபாவை எண்ணி வைத்தார். மிச்சம் 20 ரூபா எங்கே என்று நின்றேன். கண்ணாடிப் போத்தலுக்குள் கையை விட்டு நாலு ரொபி எடுத்து மேசையில் வைத்தார். பற்றுச்சீட்டில் 980 என்று எழுதிக் கொடுத்தேன். ரொபியை அக்காவின் மகன் சாப்பிட்டான்.