சைக்கிளின் கழுத்துக்கும் கொஞ்சம் கிறீஸ்

தம்பியின் சைக்கிளை இன்று பிரித்தேன். இலங்கை மலையகத்து ஹட்டன் மழையில் ஓடும் வண்டிகளில் செயினுக்கு எண்ணெய் விடுகிறோம். ஹேண்டிலைத் தாங்கும் பேரிங்கை யாரும் நினைப்பதில்லை. முன் சக்கரம் வாரியடிக்கும் சேறு நேரே ஏறுவது, பேரிங் குண்டுகள் உட்காரும் மேல், கீழ்க் கிண்ணங்களில் கீழ்க் கிண்ணத்துக்குத்தான். கிறீஸ் காப்பிக் கசடுபோல் கறுத்திருந்தது. பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, குண்டுகள் பதியுமளவு புதுக் கிறீஸ் வைத்தேன். கிண்ணத்தில் குழி விழுந்திருந்தால் கிறீஸ் உதவாது, மாற்றத்தான் வேண்டும்.

இறுக்குவதில்தான் பொறுமை தேவை. மரை உள்ள பழைய வகையில், மேல் நட்டை முறுக்கும்போது அதையொட்டியுள்ள மேல் கிண்ணமும் அழுந்தி இறுகும். அதனால் அந்தக் கிண்ணத்தை முதலில் சற்றுத் தளர்வாக விடுங்கள். பிறகு முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள், ஆட்டம் தெரியக்கூடாது. முன் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் தானாகப் பக்கம் சரிய வேண்டும். கினிகத்தேனைப் பக்கம் இறங்குமுன் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.