பாய் விரிக்காத பாய்மரக் கப்பல்

ஏழு பாய்களும் காற்றில் புடைத்து நிற்கும் பினிசிக் கப்பலின் படத்தைக் காட்டித்தான், கொமோடோ தீவுகளைச் சுற்றும் பயணத்துக்குப் பணம் வாங்கினார்கள். இந்தோனேசியாவின் லபுவான் பாஜோ துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து காதில் விழுந்ததோ டீசல் இன்ஜினின் இரைச்சல் மட்டும்தான். பாய்களைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். எப்போது விரிப்பீர்கள் என்று கேட்டால், காற்று இல்லையாம். அதைச் சொன்ன வழிகாட்டி, தொப்பி பறந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்!

பினிசி என்பது சாதாரணப் படகு அல்ல. இரண்டு பாய்மரம், ஏழு பாய். தெற்கு சுலவேசியின் தானா பெரு கரையில் கொன்ஜோ இனத் தச்சர்கள் முதலில் பலகைகளை மர ஆணிகளால் இணைத்து உடலை எழுப்புவார்கள். உள்சட்டங்களைப் பிறகுதான் பொருத்துவார்கள். 2017இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்பேர்ப்பட்ட கப்பலில் ஏசி அறைகளை அடுக்கி, பாயை அலங்காரமாக்கிவிட்டார்கள். தீவுகளுக்கு இடையே நீரோட்டம் கடுமையானது, இன்ஜின் வேண்டும்தான். அதற்காக முழு நேரமுமா?

எரிச்சலுக்கு மேல் எரிச்சலாக, கொமோடோ தேசியப் பூங்காக் கட்டணம் தனியாம். வெளிநாட்டவர் என்பதால் உள்ளூர்க்காரர்களைவிடக் கூடுதல். கடைசி நாட்களுக்கென ஒதுக்கியிருந்த ரூபியா அங்கேயே கரைந்தது.

கோபத்தைத் தணித்தவர் சமையற்காரர். கப்பலின் முன்புறத்தில் கரி அடுப்பை மூட்டி முழு மீனைச் சுட்டு, அரைத்த மிளகாய் சம்பலோடு வைத்தார். கண்ணில் நீர் வழிய இரண்டாவது தட்டும் கேட்டேன். அந்த ஒரு சாப்பாட்டுக்காகவே பாதிப் பணத்தை மன்னிக்கலாம்.

பாடார் தீவின் உச்சியும் மூன்று மீட்டர் வரை வளரும் கொமோடோ உடும்புகளும் நீங்கள் படங்களில் பார்த்தவைதாம், குறையில்லை. காலோங் தீவில், பொழுது சாய்ந்ததும் அலையாத்திக் காட்டிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பின. அதைப் படம் பிடிக்கவே முடியாது, நேரில்தான் பார்க்க வேண்டும்.

திரும்பும் வழியில், என் நச்சரிப்பு தாங்காமல் மாலுமிகள் முன்பாய்களை ஏற்றினார்கள். இன்ஜின் நின்றது, கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து ஓடத் தொடங்கியது. ஒரு மணி நேரம்கூட இருக்காது. முதல் நாளே செய்திருக்கலாம், பாவிகள்!

போகிறவர்களுக்கு: பாய் விரித்து ஓட்டுவார்களா, பூங்காக் கட்டணம் சேர்ந்ததா என்று முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். மேல்தளத்து அறை கிடைத்தால் விடாதீர்கள். கீழே இன்ஜினுக்குப் பக்கத்தில் உறங்கவே முடியாது.