அமுக்குவான் பேயும் எண்ணெய்த் தலையும்

ராத்திரி தூங்கவைத்துச் சோதிக்கும் ஸ்லீப் லேபில் எண்ணெய் வைத்த தலையோடு போய் நின்று, வாசலிலிருந்தே திரும்பி வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அந்தக் கதையைச் சொல்லப் போவதில்லை. அதிலிருந்து தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன். விழிப்பு வந்தும் உடம்பு அசையாமல், நெஞ்சில் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருப்பதுதான் அமுக்குவான் பேய், அதுதான் ஸ்லீப் பெராலிசிஸ் என்பது வரைக்கும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தலையணைக்கடியில் இரும்பு, எலுமிச்சம்பழம் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் நம்மில் பலர் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அங்கே நாம் வாயைத் திறந்து சொல்லும் முதல் வாக்கியம்தான் எந்த வரிசையில் போய் உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. "கை கால் வரல டாக்டர்" என்றால் மூளை ஸ்கேன், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி. "மூச்சு முட்டுது, நெஞ்சு அழுத்துது" என்றால் ஈசிஜி, எக்கோ. "ரூம்ல யாரோ நிக்கிறாங்க" என்று ஆரம்பித்தால் வேறு மாடி, மனநலப் பிரிவு. மூன்றும் ஒரே தொந்தரவின் மூன்று முகங்கள். பகலில், முழு விழிப்பில் எடுக்கும் எந்தச் சோதனையிலும் அது சிக்காது. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்று வரும், "ஒண்ணுமில்ல, டென்ஷன்" என்று அனுப்பிவிடுவார்கள். 2011-ல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, பொதுமக்களில் நூற்றுக்குச் சுமார் 8 பேருக்கும் மாணவர்களில் 28 பேருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்திருக்கிறது. இவ்வளவு சகஜமான ஒன்றுக்கு இவ்வளவு அலைச்சல்.

ஆகவே இப்படிச் சொல்லுங்கள்: "தூக்கம் பிடிக்கும்போது வருது (அல்லது முழிக்கும்போது வருது). நினைவு முழுசா இருக்கு. கண்ணை மட்டும் அசைக்க முடியுது. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா விட்டுடுது." ஏதாவது தெரிகிறது, கேட்கிறது என்றால், அது அந்த நிமிடத்தில் மட்டும்தான், பகலில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாக்கைக் கடித்துக்கொள்வது, படுக்கையை நனைப்பது, உடம்பு வெட்டி இழுப்பது, நடந்தது நினைவில்லாமல் போவது ஆகியவை இருந்தால் அது வலிப்பின் பக்கம். அப்போது ஈஈஜி வீண் செலவு இல்லை.

ஒரு எச்சரிக்கை. காலையில் எழுந்ததும் கால் வரவில்லை, அரை மணி நேரமாகியும் விடவில்லை என்றால் அது அமுக்குவான் அல்ல. ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருக்கலாம். கடுமையாக உழைத்துவிட்டு ராத்திரி வயிறு முட்டச் சோறோ பிரியாணியோ சாப்பிட்டுப் படுத்தவருக்கு, அதிலும் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் ஆண்களுக்கு, விடியற்காலையில் இப்படி வரும். முகம் கோணினாலோ, ஒரு பக்கம் மட்டும் வராமல் போனாலோ, பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். இரண்டிலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பொட்டாசியம் விஷயத்தில் இளநீரைக் கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு.

இனி, நெஞ்சு ஏன் அழுத்துகிறது? கனவு வரும் ரெம் தூக்கத்தில், கனவில் ஓடுவதை நாம் நிஜத்தில் ஓடிவிடாமல் இருக்க, மூளைத்தண்டு கை கால் தசைகளை ஸ்விட்ச் போல அணைத்து வைக்கிறது. கண் தசைகளுக்கும், மூச்சை இயக்கும் உதரவிதானத்துக்கும் விலக்கு. மூச்சு அதுபாட்டுக்கு நடக்கும். ஆனால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் அணைந்திருப்பதால், நாமாக ஆழமாக இழுக்கப் பார்த்தால் முடியாது. அந்த முடியாமையைத்தான் பாரம் என்று உணர்கிறோம். இழுக்க இழுக்கப் பயம் கூடும், பயம் கூடக் கூட நிழல் உருவம் தெளிவாகும்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், வந்த நேரம், மல்லாந்தா ஒருக்களித்தா, கடைசி காபி எப்போது, என்ன மாத்திரை. பாதி விடை அதிலேயே கிடைக்கும். அதிகாலை நான்கு, ஐந்து மணிக்கு வந்தால் அது ரெம் நீளும் நேரம். நைட் ஷிப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்குப் படுப்பவர்களுக்குத் தூங்கத் தொடங்கும்போதே வருவது ஏனென்றால், உடம்பின் கடிகாரப்படி அது ரெம் கூடும் பொழுது. தூக்கக் கடன் வேறு இருந்தால் உடம்பு நேராக அங்கேதான் குதிக்கும். வார நாளில் பகல் தூக்கம், லீவு நாளில் ராத்திரித் தூக்கம் என்று மாற்றி மாற்றிப் படுப்பதுதான் இவர்களுக்கு முதல் எதிரி.

எல்லாருக்கும் ஸ்லீப் லேப் தேவையில்லை. விடாத குறட்டை, பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுவது, சிரிக்கும்போது முழங்கால் தொய்ந்து சரிவது, இவற்றில் ஒன்று இருந்தால் போங்கள். கடைசி இரண்டும், பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோயான நார்கோலெப்சியின் அடையாளமாக இருக்கலாம். அதற்கு ராத்திரிச் சோதனை மட்டும் போதாது. மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று நான்கைந்து குட்டித் தூக்கம் போடவைத்து, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறீர்கள், ரெம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பார்ப்பார்கள். சராசரி 8 நிமிடம் அல்லது அதற்குள் தூங்கி, இரண்டு தடவையாவது ரெம் சீக்கிரம் வந்தால் நார்கோலெப்சி என்று கணக்கு. பல இடங்களில் ராத்திரிச் சோதனை மட்டும்தான். புக் பண்ணும்போதே "பகல் சோதனையும் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். வீட்டுக்கே கொடுத்தனுப்பும் சிறு கருவி மூச்சுத் தடைக்கானது; இதற்கு உதவாது.

கவுண்டரில் யாரும் சொல்லாதவை இனி. தலைக்கு எண்ணெய் கூடாது. ஷாம்பு போட்டு அலசி, காயவைத்துப் போங்கள். இல்லாவிட்டால் மண்டையில் ஒட்டும் எலக்ட்ரோடு வழுக்கிக்கொண்டே இருக்கும். விரல் நகத்தில் பாலிஷும் மருதாணியும் வேண்டாம், ஆக்சிஜன் அளக்கும் கிளிப் தடுமாறலாம். அன்றைக்குக் காபி, டீ கிடையாது. மன அழுத்தத்துக்கான மாத்திரைகள் ரெம்மை அடக்கும் என்பதால் சோதனைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஃப்ளூவாக்செட்டின் என்றால் ஐந்தாறு வாரம். மருந்து எழுதிய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தினால் அடங்கிக் கிடந்த ரெம் திமிறிக்கொண்டு வரும், அமுக்குவானும் கூடவே வருவான். முந்தைய இரண்டு வாரம் போதிய தூக்கம் இல்லாமல் போனால் முடிவே தப்பாக வரலாம். நைட் ஷிப்ட்காரர்கள் லீவு போட்டாவது இதைச் சரிசெய்ய வேண்டும்.

வந்துவிட்டால் என்ன செய்வது? திமிறாதீர்கள். "இது ரெம், விட்டுடும்" என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிவிட்டு, உருவத்தைப் பார்ப்பதை நிறுத்தி, பிடித்த ஒரு முகத்தையோ நாலு வரிப் பாட்டையோ பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கப் போராடாமல், அது போகிற போக்கில் விடுங்கள். சிலருக்குக் கால் கட்டைவிரலையோ நாக்கையோ அசைக்கப் பார்ப்பது பலன் தரும். பயத்தைக் கூட்டினால் அதையும் விட்டுவிடலாம்.

விட்டதும் அப்பாடா என்று அப்படியே கண்ணை மூடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. அதே ரெம்முக்குள் திரும்ப விழுந்து இரண்டாவது முறை மாட்டுவீர்கள். எழுந்து உட்கார்ந்து, முகம் கழுவி, பத்து நிமிடம் கழித்து ஒருக்களித்துப் படுங்கள். மல்லாந்து படுத்தால்தான் அதிகம் வருகிறது. தூக்கத்தில் புரண்டுவிடுபவர்கள் பழைய பனியனின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு பை தைத்து டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொள்ளலாம். கிரிக்கெட் பந்து வேண்டாம், முதுகு போய்விடும்.

மது குடித்தால் முன்னிரவில் ரெம் அடங்கி, பின்னிரவில் மொத்தமாகத் திரும்பி வரும். எழும் நேரத்தை லீவு நாளிலும் மாற்றாதீர்கள்.

பக்கத்தில் படுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: மூச்சு வேகமாகி, தொண்டையில் முனகல் கேட்டால், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தோளைத் தட்டினால் போதும், விட்டுவிடும். தண்ணீர் தெளிக்க வேண்டாம். திருநீறு பூசுவதென்றால் எழுந்த பிறகு பூசிக்கொள்ளலாம்.