லியனகே வழக்கும் கேணல் டி சேரமும்

கொழும்பு றோயல் கல்லூரியில் எங்கள் காலத்தில் எவ்.சி. டி சேரம் என்றால் கிரிக்கெற்தான். 1934இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடி அவுஸ்திரேலிய அணிக்கெதிராக 128 ஓட்டம், பிறகு இலங்கை அணித் தலைமை. 1962இல் ஆட்சியைக் கவிழ்க்க அதிகாரிகள் செய்த சதி என்று யாராவது வாயெடுத்தால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். மைதானத்தில் சொல்லாத அந்தப் பாதி இது.

1962 ஜனவரி 27, சனிக்கிழமை இரவு. டி சேரம் அப்போது இராணுவத்தின் தொண்டர் படைக்குப் பிரதித் தளபதி, சதிக்குத் தலைமை தாங்கியவர். அமைச்சர்களையும் பொலிஸ் மா அதிபரையும் வீட்டில் வைத்தே பிடித்து, இராணுவத் தலைமையகத்து வெடிமருந்துக் களஞ்சியத்தில் அடைப்பது திட்டம். தந்தி நிலையமும் தொலைபேசி நிலையமும் கைக்கு வரவேண்டும். பனாகொடை இராணுவ முகாமிலிருந்து அரசாங்கத்தின் பக்கம் நிற்கும் படை புறப்பட்டால் நகருக்குள் வரக்கூடாது என்று கிருலப்பனைப் பாலத்தையும் வெள்ளவத்தைப் பாலத்தையும் அடைக்க ஏற்பாடு. நம்மவர்கள் காலையில் மீன் வாங்கப் போகும் வழிதான், அதில் கவச வாகனம் நின்றிருக்கும்.

பாலங்களையெல்லாம் யோசித்தவர்கள் ஆட்களை யோசிக்கவில்லை. கைதுசெய்வது பொலிஸாரின் வேலை என்பதால், கடைசி நேரத்தில் மேலும் அதிகாரிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படிச் சேதி போனவர்களில் ஒருவர் பொலிஸ் அத்தியட்சகர் ஸ்டான்லி சேனநாயக்க. அவர் வீட்டிலிருந்து விஷயம் மாமனார் பி. டி எஸ். குலரத்னவிடம் போனது, அவர் நாடாளுமன்ற உறுப்பினர். அங்கிருந்து பொலிஸ் மா அதிபருக்கும், அமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவுக்கும். பீலிக்ஸும் றோயல்தான்! பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையில் உட்கார்ந்து சந்தேகநபர்களை விசாரித்தவரும் அவரே. ஒரு வெடிகூட வெடிக்காமல் அன்றிரவே எல்லாம் கலைந்தது.

அதிகாரிகளின் மனக்குறையை, சிங்கள பௌத்த அரசியல் மேலோங்கிய 1956க்குப் பிந்திய காலத்தில் தேடவேண்டும். குற்றஞ்சாட்டப்பட்ட 24 பேரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். சிங்களவர், பறங்கியர், தமிழர் மூவரும் இருந்தார்கள். யாழ்ப்பாணச் சத்தியாக்கிரகத்தை அடக்க இராணுவம் போனது அதற்கு முந்தின வருடம்தான்.

பிடித்த பிறகு அரசாங்கம் செய்ததுதான் சட்டம் படிப்பவர்கள் இன்றைக்கும் புரட்டுவது. இவர்களை விசாரிக்கவென்று கொண்டுவந்த 1962இன் முதலாம் இலக்கச் சட்டம் அந்த வருடம் ஜனவரி 1க்கே முன்தேதியிடப்பட்டது. யூரி கிடையாது. சாதாரணமாக ஏற்கமுடியாத வாக்குமூலமும் சாட்சியம். குறைந்த தண்டனையே பத்து வருடம், சொத்தும் பறிமுதல். நீதியரசர்களை நீதி அமைச்சர் தெரிவுசெய்தது செல்லாதென்று முதலாவது அமர்வு தானே கலைந்தது. இரண்டாவதில் இருந்த ஒருவர் முன்பு சட்டமா அதிபராக அதே விசாரணையில் சம்பந்தப்பட்டவர் என்பதால் அதுவும் கலைந்தது. மூன்றாவது அமர்வு 324 நாட்கள் இருந்து 11 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. டி சேரமும் அவர்களில் ஒருவர்.

1965 டிசம்பரில், அப்போது இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அனைவரையும் விடுவித்தது. குற்றம் நடக்கவில்லை என்பதற்காக அல்ல. குறிப்பிட்ட சிலரைத் தண்டிக்கவென்றே சட்டம் இயற்றி நீதிமன்றத்தின் கையைக் கட்டியது அரசியலமைப்புக்கு முரண் என்பதற்காக. வழக்கின் பெயர் 'லியனகே எதிர் அரசி'. குற்றஞ்சாட்டப்பட்டோரில் முதலாமவரான டக்ளஸ் லியனகே சிவில் அதிகாரி. தலைமை தாங்கிய கேணலின் பெயர் சட்ட அறிக்கையின் தலைப்பில் இல்லை.