மாவுக்கட்டு நாட்கள்

2 நவம்பர் 2022

இடது கையால்தான் தட்டுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும்.

3 நவம்பர்

போன் ஆட்டங்கள் செய்யும் ஒனோமா ஸ்டூடியோவை மூடுகிறார்களாம். ஸ்கொயர் எனிக்ஸ் மான்ட்ரியல் என்ற பழைய பெயரை மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. விரல்கள் வீங்கிக் கிடக்கின்றன. தலையணைமேல் கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டுமாம். தூங்குவது எப்படி?

9 நவம்பர்

பழைய ஐபேடில் 'டியஸ் எக்ஸ்: தி ஃபால்' திறந்தேன். 2013-இல் வந்தது. டியஸ் எக்ஸ் கணினி ஆட்டங்களில் இருந்ததையெல்லாம் தொடுதிரைக் கண்ணாடிக்குள் திணித்த ஆட்டம். நடக்க இடது கட்டைவிரல், திரும்பிப் பார்க்க வலது. எனக்கு நடக்க மட்டும்தான் முடிகிறது. பனாமா தெருவில் ஆட்டத்தின் நாயகன் பென் சாக்ஸன் சுவரைப் பார்த்தபடியே நிற்கிறான்.

வந்த புதிதில் ஜெயில்பிரேக் செய்த, அதாவது ஆப்பிளின் கட்டுப்பாட்டை உடைத்த கருவிகளில் இந்த ஆட்டத்துத் துப்பாக்கி சுடாது. திருடனைப் பிடிக்கப் போட்ட பூட்டில் காசு கொடுத்து வாங்கியவனும் மாட்டினான். எல்லோரும் கத்தவே மன்னிப்புக் கேட்டுப் பூட்டை எடுத்தார்கள்.

12 நவம்பர்

உள்ளே அரிப்பு. ஸ்கேலை விட்டுச் சொறிந்ததற்கு அம்மாவிடம் திட்டு.

20 நவம்பர்

'டியஸ் எக்ஸ் கோ'வுக்கு ஒரு விரல் போதும். போனை நெட்டுக்குப் பிடித்து இடது கட்டைவிரலாலேயே ஆடலாம். நாயகன் ஜென்சன் ஒரு புள்ளி நகர்ந்தால்தான் எதிரிகள் நகர்வார்கள், ஆடுபுலி ஆட்டம் மாதிரி. நான் யோசிக்கும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள். மருந்து மயக்கத்தில் இருப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? விரலால் கோடு இழுத்து ஹேக் செய்தால், தானாகச் சுடும் துப்பாக்கிக் கோபுரம் நம் பக்கம் வந்துவிடும்.

இதைச் செய்தது அந்த ஒனோமாதான். 2014-இல் 'ஹிட்மேன் கோ', அடுத்த வருஷம் 'லாரா கிராஃப்ட் கோ', 2016 ஆகஸ்டில் இது. கிளைபிரியும் உரையாடல், சாமான் பை, தெருத்தெருவாகச் சுற்றுவது எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். ஒளிவது, ஹேக் செய்வது, மாட்டினால் சாவது மட்டும் மிச்சம். இதெல்லாம் டியஸ் எக்ஸே இல்லை என்று அப்போது சண்டை போட்டவர்கள் உண்டு. எனக்கென்னவோ இதுதான் போனைப் புரிந்துகொண்டு செய்தது.

21 நவம்பர்

அம்மா பிசைந்து ஊட்டுகிறேன் என்கிறாள். இந்த வயதிலா! ஸ்பூன்.

30 நவம்பர்

ஸ்டூடியோவை மூடுவதால் ஜனவரி 4-உடன் 'டியஸ் எக்ஸ் கோ'வும் போகிறது. அன்றைக்குப் பிறகு ஏற்கெனவே வைத்திருப்பவர்களாலும் ஆட முடியாதாம். தனியாக உட்கார்ந்து ஆடும் புதிருக்குக்கூட முடிவு தேதி. அட்டைப்பெட்டியில் குறுந்தகடாக வந்த பழைய ஆட்டங்களை யாரும் வீட்டுக்கு வந்து பிடுங்கிக்கொண்டு போகவில்லை.

14 டிசம்பர்

எக்ஸ்ரே. எலும்பு இன்னும் சரியாகக் கூடவில்லை. ஜனவரி 5 வரச் சொன்னார். ஐந்தாம் தேதி!

15 டிசம்பர்

'தி ஃபால்' நினைப்பாகவே இருக்கிறது. கதை 'தொடரும்' என்று போய் நின்றது, தொடரவே இல்லை. 2014-இல் கணினிக்கும் கொண்டு வந்தார்கள், அதே பாதிக் கதையோடு. சாக்ஸனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று யாரிடம் கேட்பது?

24 டிசம்பர்

ஜென்சனுக்கு இரண்டு கையும் இயந்திரம். பொறாமை.

1 ஜனவரி 2023

வாழ்த்துச் சொன்னவர்களுக்கெல்லாம் கட்டைவிரல் படம்தான். அதற்குமேல் தட்டப் பொறுமையில்லை.

3 ஜனவரி

ஒரு புதிரில் மாட்டிக்கொண்டேன். கோபுரத்தைத் திருப்பினால் பின்னால் இருப்பவன் பார்த்துவிடுகிறான். முதலில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துகொண்டால் அந்த மறைவு கோபுரம்வரை தாங்கவில்லை. யூடியூபில் விடை கிடக்கிறது, பார்க்க மாட்டேன். அவனை வேண்டுமென்றே பார்க்க வைத்து, துரத்தி வரும்போது கோபுரத்தின் கோட்டுக்குள் இழுத்தால்? சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன்.